ஒரு பாட்டில் ஏத்திட்டு வந்துடலாமா?

சிஸ்டரிடம் கேளுங்கள்

போன மாதம் ஒரு பதிலில் குளுக்கோஸ் ஏற்றுவதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் முப்பத்தைந்து வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். என் கையால் மாட்டிய பாட்டில்களுக்குக் கணக்கே இல்லை. வழக்கம்போல் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை வாசகி: என் மாமியாருக்கு 68 வயது. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மாதத்தில் இரண்டு தடவையாவது “உடம்புல தெம்பே இல்லை, ஒரு பாட்டில் ஏத்திட்டு வந்துடறேன்” என்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கேயும் கேட்டதும் போட்டுவிடுகிறார்கள். வந்த அன்று நன்றாகத்தான் இருக்கிறார். இப்போது கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் கால் வீங்குகிறது. தொடர்ந்து ஏற்றிக்கொள்ளலாமா?

அம்மா, முதலில் அந்தக் கால் வீக்கம். அதை ஒரு டாக்டரிடம் காட்டாமல் அடுத்த பாட்டில் வேண்டவே வேண்டாம். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். இதயம், சிறுநீரகம், கல்லீரல் இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். சில பி.பி. மாத்திரைகளுக்கே கால் வீங்கும். எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

சரி, அந்தப் பாட்டிலில் என்னதான் இருக்கிறது? ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்று எழுதியிருந்தால், அரை லிட்டர் தண்ணீரில் 25 கிராம் குளுக்கோஸ். நம் டீஸ்பூனில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை அளவு. அதிலிருந்து கிடைக்கும் சக்தி நூறு கலோரிகூட வராது. இரண்டு சின்ன இட்லி சாப்பிட்டால் வருவதுதான். நார்மல் சலைன் என்றால் அதில் சக்தியே கிடையாது, தண்ணீரும் உப்பும் மட்டும். அரை லிட்டரில் நாலரை கிராம் உப்பு. ஒரு பெரியவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் உப்பே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய் வேண்டாம், அப்பளம் வேண்டாம் என்று வீட்டில் பி.பி.க்காகப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறீர்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் உப்பு நேராக ரத்தத்துக்குள் போய்விடுகிறது.

அப்படியானால் வந்த அன்று எப்படி நன்றாக இருக்கிறார் என்று கேட்பீர்கள். வெயில் காலத்தில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருந்தால் அந்த அரை லிட்டர் உண்மையிலேயே உதவும். வீட்டில் இரண்டு சொம்பு மோர் குடித்திருந்தாலும் அதே உதவி கிடைத்திருக்கும். பாட்டில் மஞ்சளாக இருந்தால் அதில் பி-காம்ப்ளெக்ஸ் ஊசியைக் கலந்திருக்கிறார்கள். அதுவும் மாத்திரையாகக் கிடைப்பதுதான். இன்னொன்றும் உண்டு. அங்கே ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் படுக்கிறார். யாரோ ஒருவர் கையைப் பிடித்துப் பார்க்கிறார், “இப்ப பரவாயில்லையாம்மா?” என்று கேட்கிறார். வயதானவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. உங்கள் மாமியாரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவருக்குக் களைப்பு இருப்பது நிஜம். அதன் காரணத்தை யாரும் தேடவில்லை என்பதுதான் என் வருத்தம். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கிரியாட்டினின், அப்புறம் ரத்தத்தில் சோடியம், இவற்றைப் பாருங்கள். பி.பி.க்குக் கொடுக்கும் நீர் மாத்திரையால் பெரியவர்களுக்கு சோடியம் இறங்கும், இறங்கினால் இதே தளர்ச்சிதான் வரும். அந்த நேரத்தில் போய் வெறும் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கும்.

என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 72 வயது. களைப்பாக இருக்கிறது என்று ஒரு சின்ன கிளினிக்கில் இரண்டு பாட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எனக்கு அன்றைக்கு நைட் டியூட்டி. ராத்திரி பதினோரு மணிக்கு அவரை ஆட்டோவில் வைத்து எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தண்ணீருக்குள்ளிருந்து மூச்சு விடுகிற மாதிரி விட்டுக்கொண்டிருந்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டு, விடிவதற்குள் ஒன்றரை லிட்டர் சிறுநீர் பிரிந்த பிறகுதான் தலையணையில் சாய்ந்தார். அவருடைய இதயம் ஏற்கனவே பலவீனமாக இருந்திருக்கிறது. பாட்டில் மாட்டியவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தாலே தெரிந்திருக்கும். இவரும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

அதனால் மாமியாரிடம் “போகாதே” என்று சண்டை போடாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள். “இதில் என்ன ஏற்றுகிறீர்கள், எதற்காக, எவ்வளவு?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். மருந்துச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி, பெரம்பூர்: சிஸ்டர், என்.எஸ்., ஆர்.எல்., டி-ஃபைவ், டி.என்.எஸ். என்று வார்டில் சொன்னதை எடுத்து மாட்டுகிறேன். எதற்கு எது என்று படிக்கிறேன், பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிறது. மறக்காத மாதிரி சொல்லித் தர முடியுமா?

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். மற்ற வாசகர்களுக்காக: என்.எஸ். என்றால் நார்மல் சலைன், ஆர்.எல். என்றால் ரிங்கர் லாக்டேட், டி-ஃபைவ் என்றால் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ். சொல்கிறேன், உட்கார்.

1992 கடைசியில் நம் ஊரில் ஒரு புதிய காலரா வந்தது. அதுவரை காலரா என்றால் ஓ-1 என்ற வகைக் கிருமிதான். அந்த வருடம் முதன்முதலாக ஓ-139 என்ற வகையை நம் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள், அன்றைய மெட்ராஸில். அப்புறம் அது கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பேதி வார்டில் போட்டார்கள்.

காலரா கட்டிலைப் பார்த்திருக்கிறாயா? நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட ரெக்சின் விரிப்பு, அதற்கு நேர் கீழே அளவுக் கோடு போட்ட பக்கெட். எவ்வளவு போகிறது என்று பார்த்து, அவ்வளவையும் திரும்ப உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு நாள் காலை ஒரு அம்மாவை மீன்பாடி வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஐம்பது கிலோ இருப்பார். கண் குழி விழுந்து, விரல் நுனியெல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்த மாதிரி சுருங்கிப்போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது. பேச வாயெடுத்தால் காற்றுதான் வருகிறது. மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. கீழே பக்கெட்டில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி.

எங்கள் சீனியர் சிஸ்டர் இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு இரண்டு பக்கமும் ரிங்கர் லாக்டேட்டை முழு வேகத்தில் திறந்துவிட்டார். கணக்கு இதுதான், எழுதி வைத்துக்கொள்: இப்படி வற்றிப்போய் வருகிற பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 100 மி.லி. அதில் 30 மி.லி. முதல் அரை மணி நேரத்தில், மீதி 70 மி.லி. அடுத்த இரண்டரை மணி நேரத்தில். ஐம்பது கிலோவுக்கு அரை மணியில் ஒன்றரை லிட்டர், அதாவது மூன்று பாட்டில். மூன்று மணி நேரத்தில் மொத்தம் பத்து. நான் காலி பாட்டிலைக் கழற்றிப் புதிதை மாட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது பாட்டில் பாதியில் இருக்கும்போது என் விரலுக்கு அடியில் நாடி நூல் மாதிரி ஓடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கண்ணைத் திறந்து, அடைத்த குரலில், “வூட்டு சாவி யார்கிட்ட கீது?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

இதை முதலில் செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தில், லீத் என்ற துறைமுக ஊரில் இருந்த தாமஸ் லாட்டா என்ற டாக்டர். 1832, அங்கேயும் காலரா. அதற்குச் சில மாதம் முன்பு ஓஷாஹ்னெஸ்ஸி என்ற 22 வயது டாக்டர், காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, தண்ணீரும் உப்பும் குறைந்துதான் ரத்தம் கெட்டியாகிறது என்று எழுதியிருந்தார். அவர் பிறகு கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி போடும் வேலையை நடத்தினார் என்பது தனிக் கதை. அவர் எழுதியதைப் படித்துவிட்டு, சாகக் கிடந்த ஒரு வயதான பெண்ணின் கை நரம்பில் லாட்டா உப்பு நீரை ஏற்றினார். அந்தப் பெண் எழுந்து பேசினார். பிழைத்துவிட்டார் என்று நம்பி, வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு லாட்டா கிளம்பிப் போனார். பேதி திரும்ப ஆரம்பித்தது, யாரும் திரும்ப ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்துபோனார். போவது நிற்கும்வரை ஏற்றுவதும் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் எங்கள் கட்டிலுக்குக் கீழே கோடு போட்ட பக்கெட்.

இப்போது உன் கேள்வி. அறுபது கிலோ ஆளின் உடம்பில் கிட்டத்தட்ட 36 லிட்டர் தண்ணீர். அதில் 24 லிட்டர் செல்களுக்கு உள்ளே. 12 லிட்டர் வெளியே. அந்த 12-லும் ரத்தக் குழாய்க்குள் ஓடுவது மூன்று லிட்டர்தான். நீ கையில் ஏற்றுவது இந்த மூன்று வீட்டில் எங்கே போய் உட்காரும் என்று யோசி, மறக்கவே மறக்காது.

உப்பு செல்லுக்குள் எளிதில் போகாது. அதனால் நார்மல் சலைன் ஒரு லிட்டர் ஏற்றினால் முழுக்க வெளியேதான் நிற்கும், அதில் கால் பங்கு ரத்தக் குழாயில் தங்கும். டெக்ஸ்ட்ரோஸில் இருக்கிற சர்க்கரையை உடம்பு கொஞ்ச நேரத்தில் எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது மூன்று வீட்டுக்கும் பரவிப் போய்விடும். ஒரு லிட்டர் ஏற்றினால் ரத்தக் குழாயில் நிற்பது ஒரு டீ கிளாஸ்கூட இல்லை, எண்பது மி.லி.தான். விபத்தில் ரத்தம் போனவருக்கும் காலராவுக்கும் டி-ஃபைவை நம்பக் கூடாது என்பது இதனால்தான். அப்படியானால் எதற்கு அந்தச் சர்க்கரை? வெறும் தண்ணீரை நரம்பில் விட்டால் சிவப்பணுக்கள் ஊறி வெடித்துவிடும். சர்க்கரை அதைத் தடுத்து, தண்ணீரைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வாயில் எதுவும் போகாதவருக்குத் தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் தர அது நல்ல வழி. டி.என்.எஸ். என்றால் சலைன் உப்பும் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையும் ஒரே பாட்டிலில்.

ரிங்கர் லாக்டேட்டில் ரத்தத்தில் இருக்கிற மாதிரியே சோடியம், குளோரைடு, கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் கால்சியம் எல்லாம் உண்டு. சிட்னி ரிங்கர் 1880-களில் லண்டனில் தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகு பார்த்தால், வாலை வடித்த தண்ணீருக்கு (டிஸ்டில்டு வாட்டர்) பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைசல் செய்திருக்கிறார்கள். லண்டன் குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்தது. வாலை வடித்த தண்ணீரில் செய்ததும் இதயம் நின்றுபோனது. கால்சியத்தின் அருமை அப்படித்தான் தெரிந்தது. லாக்டேட்டைச் சேர்த்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், 1930-களில். பேதியில் உடம்பிலிருந்து காரம் வெளியேறி ரத்தம் புளித்துப்போகும். லாக்டேட் ஈரலில் பைகார்பனேட்டாக மாறி அதைச் சரிக்கட்டும். வார்டில் ரிங்கர் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது அந்தத் தவளையை நினைத்துக்கொள்.

சொட்டுக் கணக்கும் கேட்டிருந்தாய். டிரிப்ஸ் செட்டின் உறையிலேயே ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும். இருபது என்று வைத்துக்கொள். 500 மி.லி.யை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால் பத்தாயிரம் சொட்டு, 240 நிமிஷம், நிமிஷத்துக்கு 42 சொட்டு. வாட்ச்சைப் பார்த்து எண்ணு. கண்ணளவு வேண்டாம்.

தண்டையார்பேட்டை வாசகர்: என் மகனுக்கு இரண்டு வயது. போன வாரம் வாந்தியும் பேதியும். காட்டிய டாக்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் சிரப்பும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். டிரிப்ஸ் போடக்கூட இல்லையே என்று கோபத்தில் வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஊசி போட நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறான். முதல் டாக்டர் செய்தது சரியா?

தம்பி, குழந்தை விளையாடிக்கொண்டு, கேட்டுத் தண்ணீர் குடிக்கிற நிலையில் இருந்தான் என்றால் முதல் டாக்டர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பெற்ற மனசு தவிக்கும், அதைத் தப்பென்று சொல்லவில்லை.

குடலின் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பு தனியாக வந்தால் பேதி நேரத்தில் அது சரியாகத் திறக்காது. உப்பும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு வந்தால் திறக்கும், கூடவே தண்ணீரும் உள்ளே வரும். எவ்வளவு பேதி போனாலும் இந்தக் கதவு மட்டும் வேலை செய்யும். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில், பங்காவ்ன் என்ற எல்லை ஊரில், காலரா வந்து பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கலந்து டிரம்மில் வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம்வரை இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஊசி குத்தத் தெரிந்த கைகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, பெரும்பாலானவர்களுக்கு உறவினர்களின் கையே போதுமாக இருந்தது. 2022-ல் அவர் காலமான பிறகு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்.

கொடுக்கும் விதம்தான் முக்கியம். பெரிய பொட்டலம் என்றால் முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கொட்டுங்கள். பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாக ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள், உப்பு ஏறிவிடும். ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். டம்ளரோடு வாயில் கவிழ்த்தால் வாந்திதான் வரும். நான் பேதி வார்டில் அம்மாக்களுக்கு இதைச் சொல்லும்போது, ஸ்பூனைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலும் சாப்பாடும் நிறுத்தவே கூடாது. ஜிங்க்கை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும், பேதி நின்றாலும், கொடுங்கள்.

கடையில் அட்டைப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை நம்பிவிடாதீர்கள். சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் விடாமல் போராடி, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று இருக்கிறதா பாருங்கள்.

டிரிப்ஸ் எப்போது வேண்டும்? பிள்ளை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, குடிக்கத் தெம்பில்லை, கண் குழி விழுந்துவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எது கொடுத்தாலும் வாந்தியாகிறது. இதில் எது இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வழி நெடுக ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே போங்கள், விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும்.

மாதவரம் வாசகி: தம்பிக்கு டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகு அட்மிட் செய்து டிரிப்ஸ் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அவன் இன்னும் படுத்துக் கிடக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். “காசு கட்டுறோம், இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்க” என்றோம். போடமாட்டேன் என்றுவிட்டார்கள். ஏன்?

அவர்கள் போடாமல் இருந்ததுதான் தம்பிக்குச் செய்த நன்மை. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒழுகிவிடும், மிச்ச ரத்தம் கெட்டியாகும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஹிமாட்டோகிரிட் என்று ஒரு அளவு பார்ப்பார்கள். நாற்பதாக இருந்தது நாற்பத்தெட்டானால் கசிவு நடக்கிறது. அப்போது சலைனோ ரிங்கரோ, எடைக்கு ஏற்ப அளந்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்து ஏற்ற வேண்டும். கசிவு ஒன்றிரண்டு நாள்தான். அப்புறம் ஒழுகிய தண்ணீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பி வரும். அந்த நேரத்தில் மேலே இரண்டு பாட்டில் போட்டால் இரண்டும் சேர்ந்து நுரையீரலில் போய் நிற்கும். டெங்குவில் தண்ணீர் குறைந்தும் சாவு வரும், கூடியும் வரும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் விட்டதும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், உடம்பு ஜில்லிட்டுப்போவது, இவை வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

மூலக்கடை வாசகர்: சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றலாமா?

தேவையிருந்தால் ஏற்றுவார்கள். சர்க்கரை இறங்கி மயங்கி வந்தவருக்கு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸைக் கையில் செலுத்தினால் ஊசி முடிவதற்குள் பேசுகிறவர்கள் உண்டு. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ரத்தம் அமிலமாகி வருகிறவருக்கு முதலில் சலைனும் இன்சுலினும். அவருக்கே சர்க்கரை 250 பக்கம் இறங்கியதும் டெக்ஸ்ட்ரோஸும் சேர்ப்பார்கள், அமிலம் அடங்கும்வரை இன்சுலினை நிறுத்த முடியாது என்பதால். பார்க்கிறவர்கள் பயந்துபோய், “சுகர்காரருக்கு குளுக்கோஸ் போடறாங்க” என்று சத்தம் போடுவார்கள். கேட்டுவிட்டு அப்புறம் பயப்படுங்கள். ஆனால் சும்மா தெம்புக்கென்று சர்க்கரைக்காரர் டி.என்.எஸ். ஏற்றிக்கொள்வது கூடவே கூடாது.

ராயபுரம் வாசகி: டியூபில் சின்னதாகக் காற்றுக் குமிழி போனால் உயிருக்கு ஆபத்தா? பாட்டில் தீர்ந்ததும் ரத்தம் மேலே ஏறுகிறதே?

ஒன்றிரண்டு சின்னக் குமிழி ஒன்றும் செய்யாது. ரத்தம் கொஞ்சம் திரும்பி ஏறுவதும் பயப்படும் விஷயமில்லை, சிஸ்டரைக் கூப்பிடுங்கள், டியூபில் சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை நீங்களே திருகாதீர்கள். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, எரிந்தாலோ, சிவந்து கோடு ஓடினாலோ தாமதிக்காமல் சொல்லுங்கள். சில இடங்களில் காற்றுக்காகப் பாட்டிலின் தலையில் ஒரு ஊசியைக் குத்திவிடுகிறார்கள். நானும் அந்தக் காலத்தில் குத்தியிருக்கிறேன். அந்த ஓட்டை வழியாக வார்டுக் காற்றும் கிருமியும் உள்ளே போகும். இப்போது காற்று வடிகட்டி வைத்த செட்டுகள் வருகின்றன, அதைக் கேளுங்கள்.

ஊர் வேண்டாம் என்ற வாசகி: அப்பாவுக்குப் புற்றுநோய். கடைசி நான்கு நாள் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் டிரிப்ஸ் வேண்டாம் என்றார். சொந்தக்காரர்கள் “தாகத்தோட அனுப்பிட்டீங்களே” என்கிறார்கள். தூக்கமே வரவில்லை சிஸ்டர்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் கண்ணு. உடம்பு மூடிக்கொள்ள ஆரம்பித்த பிறகு அதற்குத் தண்ணீர் கேட்கத் தோன்றாது. சிறுநீரகமும் இதயமும் ஓய்ந்த நேரத்தில் ஏற்றும் தண்ணீர் எங்கேயும் போகாமல் கையிலும் காலிலும் நெஞ்சிலும் தேங்கும். தொண்டையில் சளி கொரகொரக்கும், மூச்சு இன்னும் சிரமமாகும். உங்கள் டாக்டர் அப்பாவை அந்தச் சிரமத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார்.

அப்போது வருகிற வறட்சி வாயில்தான் இருக்கும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி துடைத்து, உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் அது தீர்ந்துவிடும். நீங்கள் நான்கு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு நனைத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா தாகத்தோடு போகவில்லை அம்மா. இதைச் சொந்தக்காரர்களிடம் காட்டுங்கள். முப்பத்தைந்து வருடம் இந்தக் கட்டில்களுக்கு நடுவில் நின்றவள் எழுதியது என்று சொல்லுங்கள்.